கதவக்கா

நகர மன்றத்தில் அவளுக்கு விடைகொடுத்த அன்று நினைவுப் பரிசாக ஒரு கதவைக் கொடுத்தார்கள். ஒரு முழ உயரத்தில் பளபளவென்று மெருகு போட்ட மரக்கதவு. நிலை, கீல், பித்தளைக் கைப்பிடி என்று ஒன்றுக்கும் குறைவில்லை. இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். யாருடைய யோசனையோ தெரியவில்லை. ஒன்று, அந்த ஆளுக்கு விவரம் எதுவுமே தெரிந்திருக்காது. அல்லது எல்லா விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

மேயர் மைக்கைப் பிடித்தார். "நம்ம கதவக்கா அன்னைக்குத் திறந்தது வெறும் கதவு இல்லை. இந்த நகரத்தின் மனசாட்சியைத் திறந்தார்" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தக் கதவு இப்போது இல்லை என்பது மேயருக்கு நினைவில்லை. அதை மூட வேண்டும் என்று சொன்னவரே அவர்தான், அதுவும் நினைவில்லை. கதவக்காவுக்கு நினைவிருந்தது. ஆனாலும் கைதட்டல் ஓயும்வரை சிரித்த முகத்தோடு நின்றாள். மூன்று முறை கவுன்சிலராக இருந்தவளுக்கு முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்வது ஒரு பெரிய வித்தையல்ல.

வீட்டில் அவள் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். வாயில் எப்போதும் ஒரு கேலி ரெடியாக இருக்கும்.

"என்ன கவுன்சிலரம்மா, வரும்போது மன்றத்துக் கதவைக் கழட்டிட்டு வந்துட்டியா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டார். கதவை வாங்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் அது மெதுவாகத் திறந்துகொண்டது. அவர் தள்ளி மூடினார். அது மறுபடி திறந்தது.

"கீல் சரியில்ல" என்றார், மெக்கானிக்காக.

"நாளைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள் அவள்.

அவர் கீலை மறுபடி அழுத்திப் பார்த்தார். "அவ உங்கிட்ட பேச மாட்டாளே."

"தெரியும். நான் பேசறேன். இத்தனை நாளும் போனா கவுன்சிலர் வந்ததாத்தான் இருந்திருக்கும். நாளைக்கு நான் வெறும் அண்ணிதானே."

"போயிட்டு வா. ஆனா இந்தக் கதவை மட்டும் கையில எடுத்துட்டுப் போயிடாதே. உன் தலையிலயே போட்டுடுவா" என்றார் அவர். அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்லாமல் கதவைப் பற்றிச் சொல்ல முடியாது. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண்விழித்தால் ஆரம்பிக்கும், படுக்கும்வரை நிற்காது. துணி தைத்துக்கொண்டே பேசுவாள். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டும் பேசுவாள், ஒரு ஊசிகூடக் கீழே விழாது. அப்படிப்பட்டவள் தன் அண்ணியிடம் பேசுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. ஊரில் பலருக்கு அது நம்ப முடியாத செய்தி. கதவக்காவுக்கோ அது காதில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்.

அவர்கள் குடியிருந்த தெரு ஒரு முட்டுத்தெரு. தெருவின் கடைசியில் சுவர். சாதாரணச் சுவர் இல்லை, ஒரு கிடங்குக் கம்பெனியின் பின்பக்க மதில்சுவர். சுவரின் இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் மெயின்ரோடு. பஸ் வந்து நிற்பது கேட்கும், கண்டக்டர் விசில் ஊதுவது கேட்கும், பஸ் கிளம்பிப் போவதும் கேட்கும். ஆனால் அந்தப் பஸ்ஸைப் பிடிக்கச் சுவரைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் நடக்க வேண்டும். பள்ளிக்கூடம், கடை, வேலை எல்லாமே அந்தப் பக்கம்தான். சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே நகர மன்றத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்து லாரி நிறுத்திக்கொண்டிருந்தது.

அப்போது இவள் கவுன்சிலர் இல்லை. பால்வாடி ஒன்றில் ஆயாவாக இருந்தாள். குத்தகை முடியப்போகிறது என்று கேள்விப்பட்டதும் தெருப்பெண்களைக் கூட்டி, "சுவத்துல ஒரு கதவு கேட்போம். ஓரமா ஒரு நடைபாதை போதும். லாரியை அவங்க பாட்டுக்கு நிறுத்திக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் கோரிக்கை. கேட்கும்போது ரொம்பச் சின்னதாகத்தான் இருந்தது.

மன்றத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தெருவின் சமுதாயக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பஸ்ஸைப் பற்றி ஒருத்தி, சாக்கடையைப் பற்றி ஒருத்தி, புருஷனைப் பற்றிக்கூட ஒருத்தி. அதிகாரி பொறுமையாக எழுதிக்கொண்டு போனார். அறிக்கை வந்தபோது அதில் இருந்தது இதுதான்: 'பொதுமக்கள் பல்வேறு கருத்துகளைத் தெரிவித்ததுடன், குத்தகையைப் புதுப்பிக்க ஒத்துழைப்பு நல்கினர்.'

"நல்கினோமா?" என்றாள் ரேடியோ. "என்னத்த அண்ணி நல்கினோம் நாம? எனக்குத் தெரியாம யாரு நல்கினது?"

அன்று தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "நம்ம வாயிலருந்து விழுறதைத்தானே அவரு பொறுக்கி எழுதறாரு. அடுத்த வாட்டி ஒண்ணும் விழ விடாம இருப்போம். கையும் தூக்க வேணாம், வாயும் திறக்க வேணாம். உனக்கு மட்டும்தான் அண்ணி பேச்சு. நாங்க சும்மா இருப்போம், அந்தச் சும்மா என்னன்னு நீ எந்திரிச்சுச் சொல்லு."

வாய் மூடாத ஒருத்தி கண்டுபிடித்த போராட்டம் அது. அடுத்த கூட்டத்தில் ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தெருவே உள்ளுக்குள் சிரித்தது. மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இருப்பவள் மாதிரி அவள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. அதிகாரி கேட்டார், "ஆட்சேபணை உண்டா?" மௌனம். "அப்போ சம்மதமா?" மௌனம். மின்விசிறி மட்டும் கடகடத்தது. அதிகாரி பேனாவை மூடித் திறந்து, திறந்து மூடினார்.

அப்போது இவள் எழுந்தாள். "ஐயா, இந்த மௌனத்துக்கு இல்லைன்னு அர்த்தம். அப்படியே எழுதுங்க."

"மௌனத்தை எப்படிம்மா எழுதறது?"

"இ-னா போட்டு ஆரம்பிங்க. மீதி தன்னால வந்துடும்."

கூடம் வெடித்துச் சிரித்தது. அதற்கப்புறமும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. சுவரோரம் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது, மழை வந்தது. ஆனால் அந்த அறிக்கையில் 'இல்லை' என்ற சொல் ஏறிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கித் தொங்கியே ஒருநாள் கொத்தனார் வந்து சுவரில் துளை போட்டார். நீல நிறத்தில் ஓர் இரும்புக் கதவு நின்றது. ரேடியோ அன்றே கதவுக்குப் பக்கத்தில் கடை பிடித்து, 'கதவுத் தையலகம்' என்று போர்டு மாட்டினாள். மெயின்ரோட்டுக்காரர்கள் பேன்ட் சுருக்கவும் திரைச்சீலை தைக்கவும் கதவு வழியாக வந்தார்கள். தைத்த துணியோடு தெருவின் கதை முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கதவால் இவளுக்குக் கதவக்கா என்று பெயர் வந்தது. அந்தப் பெயரால் பதவி வந்தது.

முதல் தடவை தேர்தலில் நின்றபோது தெருவே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மன்றத்தில் இறக்கிவைத்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. இருட்டுச் சந்துகளுக்கு விளக்கு வந்தது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் சாக்கடை வெளியே போனது. மன்றத்தில் ஏதாவது சிக்கினால் ஐம்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வராண்டாவில் உட்காரவைத்துவிடுவாள். மற்ற கவுன்சிலர்கள் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிமிர்கிறது. அவற்றை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆனால் மன்றத்துக்கென்று ஒரு பாஷை உண்டு. அது ஈரத்துணியில் சாயம் மாதிரி ஏறும், ஏறுவது தெரியாது. 'பரிசீலனையில் உள்ளது' என்பாள். 'முறைப்படி நகர்கிறது' என்பாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது 'ஆவன செய்யப்படும்' என்பதுதான். செய்கிறவர் யார், செய்வது எப்போது என்று எதுவுமே சொல்லாமல், செய்யப்போவது போலவே ஒலிக்கும் வாசகம் அது. ஒருநாள் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, பாருங்கள் என்று கணவரிடம் சொன்னாள். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஆவன செய்யப்படும்" என்றார். அவள் அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். கொஞ்சம் யோசித்தும் இருக்கலாம்.

இரண்டாவது முறை ஜெயித்த பிறகு வீடு மாறினார்கள். பார்க்க வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், முட்டுத்தெருவில் ஜீப் திரும்பாது. காரணங்களுக்கா பஞ்சம்? சுவருக்கு அந்தப் பக்கம், மெயின்ரோட்டை ஒட்டி வீடு பார்த்தார்கள். பாத்திரம் பண்டங்களைக் கதவு வழியாக ரேடியோதான் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கினாள். "நடுவுல கதவு இருக்கில்ல அண்ணி. நீ அங்க தும்மினா நான் இங்கருந்து வந்து நிப்பேன்" என்றாள்.

மூன்றாவது முறை மேயர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனி பெரிய லாரிகள் வாங்கப்போகிறது, துண்டு நிலம் முழுவதும் வேண்டும், நடைபாதையில் ஆட்கள் நடந்தால் ஆபத்து, கதவை எடுத்துவிட வேண்டும் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், "உங்க வார்டுக்கு மகப்பேறு கிளினிக் கேட்டுக்கிட்டே இருக்கீங்கல்ல? கம்பெனியே கட்டிக் கொடுக்குது" என்றார்.

அது உண்மைதான். முதல் கூட்டத்திலிருந்து அவள் கேட்டுவந்தது அது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போகும் பெண்களை அவளுக்குத் தெரியும். அவளே ஒரு காலத்தில் அப்படிப் போனவள்தான்.

"நீங்க எங்களை ஆதரிக்க வேண்டாம்" என்றார் மேயர், பெரிய மனதோடு. "உங்க சங்கடம் எனக்குப் புரியுது. சும்மா இருங்க, போதும்."

அவள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகவே தூங்கினாள். ஒரு கதவுக்கு ஒரு கிளினிக், கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கிளினிக் எந்தப் பக்கம் வரும் என்று அவள் கேட்கவில்லை. சுவரில் கதவு வேண்டும் என்று மழையில் உட்கார்ந்தவளுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவே இல்லை. மேயர் இடத்தைச் சொன்னபோது, 'அட, பக்கம்தானே' என்றுதான் நினைத்தாள். அது அவள் வீட்டுக்குப் பக்கம்.

சட்டப்படி ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அதே சமுதாயக்கூடம், அதே கடகட மின்விசிறி. இந்தத் தடவை அவள் மேடையில், மேஜைக்குப் பின்னால். அவள் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். பக்கத்தில் மன்றத்தின் எழுத்தர், புதிதாக வேலைக்கு வந்த நல்ல பிள்ளை. முன்வரிசையில் ரேடியோ, உதட்டைக் கடித்துக்கொண்டு.

தெரு முழுவதும் வந்திருந்தது. யாரும் பதறவில்லை, அதுதான் கொடுமை. அண்ணி இருக்கிறாள், கதவக்கா இருக்கிறாள், இந்தத் தடவை மேடையிலேயே இருக்கிறாள் என்ற தைரியத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ அவளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். பழைய ஆட்டத்தை மறுபடி ஆடப்போகிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

எழுத்தர் விவரத்தை வாசித்து முடித்தார். "ஆட்சேபணை உள்ளவங்க கையைத் தூக்கலாம்" என்றார்.

ஒரு கையும் தூக்கப்படவில்லை.

"யாராவது ஏதாவது சொல்லணுமா?"

மௌனம். அத்தனை கண்களும் மேடைக்கு வந்தன. இப்போது எழுவாள். இப்போது அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்வாள். இ-னா போட்டு ஆரம்பிங்க என்பாள், எல்லாரும் சிரிக்கலாம் என்று கூடமே தயாராக இருந்தது.

அவளும் மௌனமாக இருந்தாள். 'நானும் தெருவோடு சேர்ந்துதான் மௌனமாக இருக்கிறேன். என் மௌனத்துக்கும் இல்லை என்றுதானே அர்த்தம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கு அப்போதே தெரியும். மௌனம் அவர்களுடைய வேலை. அதற்கு அர்த்தம் சொல்வது அவளுடைய வேலை. அந்த வேலைக்காகத்தான் அவர்கள் அவளைத் தோளில் தூக்கி மன்றத்துக்கு அனுப்பினார்கள்.

எழுத்தர் அவள் பக்கம் குனிந்தார். "மேடம், யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. திருகித் திறந்தாள். குடித்தாள். தேவைக்கு மேலேயே குடித்தாள். எழுத்தர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது யாரும் சண்டை போடவில்லை. என்ன நடந்தது என்று பாதிப்பேருக்குப் புரியவே இல்லை. "அக்கா அப்புறமா உள்ள போய்ச் சொல்லிடுவாங்க" என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சமாதானப்படுத்திக்கொண்டு போனாள். ரேடியோ மட்டும் நேராக மேஜைக்கு வந்தாள்.

"அண்ணி, தண்ணி குடிச்சு முடிச்சிட்டியா?"

"ஏய், நான் சரின்னு சொல்லவே இல்லடி."

ரேடியோ அவளையே பார்த்தாள். திரும்பிப் போனாள். அவள் அண்ணியிடம் கடைசியாகப் பேசியது அந்தக் கேள்விதான்.

பிறகு பெண்கள் கவுன்சிலர் அலுவலகத்துக்கு வந்தார்கள். "கதவை எடுக்கப் போறாங்களாமே அக்கா" என்றார்கள். அவள் என்ன சொல்ல நினைத்தாளோ தெரியாது, வாயில் வந்தது, "ஆவன செய்றேன்." சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெண்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கொத்தனார் வந்து கதவைப் பெயர்த்து, இடத்தைச் செங்கல்லால் அடைத்தார். கதவுத் தையலகத்துக்கு ஆள் வரவில்லை. பேன்ட் சுருக்க யார் அரைமணி நேரம் நடப்பார்கள்? ரேடியோ கடையைக் காலி செய்து மிஷினை வீட்டுக்குள் போட்டுக்கொண்டாள். கிளினிக் வந்தது. நல்ல கிளினிக்தான், குறை சொல்ல முடியாது. வயிற்றுப்பிள்ளைக்காரிகள் சுவரைச் சுற்றிக்கொண்டு அங்கே போனார்கள்.

அண்ணன் மட்டும் வாராவாரம் தங்கையைப் பார்க்கப் போய்வந்தார். இவள் அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லியனுப்பினாள். மார்க்கெட்டில் ஒரு கடை ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டுப்பார்த்தாள். பதில் வரவில்லை. "என்ன சொன்னா?" என்று கேட்டால், "சாப்பிட்டியான்னு என்னைக் கேட்டா" என்பார். ஒருநாள் அலுத்துப்போய், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் நிலைக்கதவு. ஆளாளுக்கு என்மேலயே இடிச்சுக்கறீங்க" என்றார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது. அழுதாள்.

இதெல்லாம் விடைபெற்ற மறுநாள் நாத்தனார் வீட்டுக்கு நடந்து போகும்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஜீப் இல்லை, அதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆட்டோ வைத்துக்கொள் என்றார் கணவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சுவரின் நீளத்தை அவள் கால்கள் மறந்திருந்தன. முதல் வளைவுக்கே மூச்சு வாங்கியது. வெயில் சுவரிலும் அடித்தது, தரையிலும் அடித்தது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. இத்தனை வருஷம் கவுன்சிலராக இருந்தேனே, இந்த வழிக்கு ஒரு மரமாவது வைத்திருக்கலாமே என்று நினைத்தாள். வைத்திருந்தால் இந்த வழி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகியிருக்கும்.

எதிரே கிளினிக்குக்குப் போகும் ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் குடை. முகமெல்லாம் வேர்வை.

"என்ன கதவக்கா, நடந்து வர்றீங்க?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சின்ன வயதுக்காரி. அவளுக்கு அது பெயர், அவ்வளவுதான்.

"இங்கதாம்மா, பக்கம்" என்றாள் இவள். சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே நொந்துகொண்டாள்.

தெருக்கோடியில் சுவரின் அந்த இடம் வந்தது. அடைத்த செங்கல் மற்றதைவிடச் சிவப்பாக, ஒரு கதவின் அளவில், கதவின் வடிவத்தில் நின்றது. யாரோ அதன்மேல் துணி காயப்போட ஆணி அடித்திருந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. தொட என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தாள்.

நாத்தனார் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோரம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைகள் ஒருபுறம் குவிந்திருந்தன. ரேடியோவின் தலை நரைத்துவிட்டதைக் கணவர் ஒருநாளும் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டதை மட்டும்தான் சொன்னார்.

இவள் படியில் நின்றாள். நிழல் துணியின்மேல் விழவும் ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். மிஷின் நின்றது.

"நான் இப்ப கவுன்சிலர் இல்ல" என்றாள் இவள். "நேத்தோட முடிஞ்சிருச்சு."

ரேடியோ ஊசியில் தொங்கிய நூலைக் கத்தரித்தாள்.

வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். கிளினிக் வேண்டியிருந்தது, மேயர் நெருக்கினார், எழுத்தர் அவசரப்பட்டார் என்றெல்லாம் சொல்ல இருந்தாள். வாயில் ஒன்றும் வரவில்லை. நல்லவேளை, வரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டி. அன்னைக்கு எந்திரிச்சு நின்னு சொல்லிருக்கணும். பயந்துட்டேன்னு சொல்லக்கூட முடியல, பயம்கூட இல்ல. கெட்ட பேர் வராம ரெண்டு பக்கமும் நல்லவளா இருக்கப் பாத்தேன். உங்கிட்ட சொல்லணும்னு வந்தேன்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உள்ள வரட்டுமா?"

ரேடியோவின் கை துணியின்மேல் இருந்தது. அவள் இவளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இருப்பவள் மாதிரி.

மற்ற வீடாக இருந்தால் உள்ளே போயிருக்கலாம். உறவுக்குள் வாய் திறந்து வாவென்று சொல்ல வேண்டுமா என்ன? மன்றமாக இருந்தால் இந்நேரம் நிறைவேறியது என்று மணி அடித்திருப்பார்கள். கதவக்காவின் வலதுகால் தன்னையறியாமல் வாசலைத் தாண்ட எழுந்ததுகூட. தூக்கிய காலை அவள் படியிலேயே வைத்தாள்.

"சரிம்மா" என்றாள். "இந்த மௌனத்துக்கு இல்லைன்னுதான் அர்த்தம். நான் அப்படியே எடுத்துக்கறேன்."

திரும்பினாள். படி இறங்கினாள். தெருவில் கால் வைத்தபோது, பின்னால் அந்தக் குரல் கேட்டது. இத்தனை வருஷமாக ஏங்கிய அதே குரல், கொஞ்சம் கரகரத்துப்போய்.

"இதை அன்னைக்குச் சொல்லிருக்கலாமே அண்ணி."

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. சற்று நின்று அதைக் கேட்டாள். பிறகு, அடைத்த செங்கல்லைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.